மூன்று சிவப்புப் புள்ளிகள்

பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் அதற்குரிய ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாசிலாமணிக்கு அதுவே பிடிக்கவில்லை. ஒட்டன்சத்திரத்தில் தாராபுரம் ரோட்டோரம் இருக்கும் அவன் பட்டறையில் இருபது வருஷமாக எந்தச் சாமானும் அதனதன் இடத்தில் இருந்ததில்லை. சாமான் போட்ட சாக்கை உதறிக் கொட்டினால் கை தானாகத் துழாவி வேண்டியதை எடுத்துவிடும், துழாவும்போது வருகிற சத்தத்தில்தான் அவனுக்கு வேலையே சூடுபிடிக்கும். இப்போது சுவரில் ஒரு பலகை, பலகையில் வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணிக்குப் பின்னாலும் அந்தந்த ஸ்பேனரின் உருவம் வெள்ளைப் பெயிண்டில். எல்லாம் சகாயராஜ் செய்து வைத்துவிட்டுப் போன வேலை. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு மாசிலாமணி ஒன்றரை மாதம் வீட்டில் மல்லாந்து கிடந்தபோது, யாரும் கூப்பிடாமலே சகாயராஜ் வந்தான். பழனி ரோட்டில் அவனுக்கே பட்டறை இருக்கிறது. அதைத் திறப்பதற்கு முன்னால் தினமும் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை இந்தப் பட்டறையில் நின்று, வந்த வண்டியையெல்லாம் பார்த்து அனுப்பினான். சாவியைக் கொடுத்தது பூங்கொடி. கட்டிய மனைவி, அவள் கொடுக்காமல் யார் கொடுப்பார்கள், சரி. தானும் சகாயராஜும் ஒரே பட்டறையில் தொழில் படித்தவர்கள், ஒருவன் படுத்துக்கொண்டால் இன்னொருவன் வந்து நிற்கிறதுதான் முறை, அதுவும் சரி. ஆனால் அவள் ஒருநாள் கஞ்சி டம்ளரை நீட்டிக்கொண்டே, அண்ணன் வந்தா சத்தமே இல்லாம வேல நடக்குதுங்க, என்று சொன்னாளே, அது எதற்கு? சத்தமே இல்லாம. அப்படியென்றால் இருபது வருஷமாக நான் என்ன, தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தேனா? அவள் அதைச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது, சொன்னவள் மறந்திருப்பாள். மாசிலாமணி தினமும் அதை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொள்கிறான்.

அதனால் இன்றைக்குக் காலையில் முருங்கைக்காய் வியாபாரி ராசப்பனின் பழைய பிக்கப் பின்னால் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தபோது அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வந்துவிட்டதே என்று வெட்கமும் வந்தது, ஆனால் சந்தோஷம் முந்திக்கொண்டது. காலையில் பத்து தடவை சாவியைத் திருப்பினால்தான் உயிர் வருகிறது, பாச்சலூர் ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கே மூச்சு வாங்குகிறது, சகாயராசு பம்பைக் கழற்றி மாட்டினதிலிருந்து இப்படித்தான், மூணு தடவ தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணினேன் என்று ராசப்பன் அடுக்கிக்கொண்டே போனார். அவர் அடுக்க அடுக்க மாசிலாமணி முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டான். டைமிங்தான். புகையின் நிறமே சொல்கிறது. பிஸ்டன் மேலே ஏறி முட்டப் போகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே டீசல் பாய்ந்துவிட வேண்டும். பிந்திப் பாய்ந்தால் பாதி வேகாமல் வெள்ளையாக வெளியே வரும். பந்தியில் சோறு வைத்து எல்லோரும் எழுந்த பிறகு குழம்பு வருகிற மாதிரி. ராசப்பனை மண்டிக்கு அனுப்பிவிட்டு, டார்ச்சை அடித்துக் குனிந்து டீசல் பம்பைப் பார்த்தான். பம்பின் மேல் ஒரு கோடு, அது உட்காரும் இடத்தில் ஒரு கோடு, கம்பெனியிலேயே போட்டது. இரண்டும் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன. அகப்பட்டான். கையும் களவுமாக அகப்பட்டான். இந்த வண்டிக்குப் பம்பை நேராக வைக்கக் கூடாது. உள்பக்கமாக, போல்ட் ஓட்டையின் கடைசிவரைக்கும் சாய்த்து வைத்தால்தான் இழுக்கும், எட்டு வருஷத்துக்கு முன்னால் மாசிலாமணியின் கை கண்டுபிடித்த விஷயம் அது. தேய்ந்த கியர், கிழட்டு வண்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கும் என்று ராசப்பனிடம் அப்போதே பெருமையாகச் சொல்லியிருக்கிறான். சகாயராஜுக்குக் காது காது என்கிறார்களே, என்ஜின்மேல் நீளத் திருப்புளியை வைத்து மறுமுனையைக் காதெலும்பில் ஒட்டிக்கொண்டு எந்த சிலிண்டரில் என்ன குறை என்று சொல்லிவிடுவானாமே, அந்தக் காதுக்கு இது கேட்கவில்லை. மூன்று போல்ட்டைத் தளர்த்திப் பம்பைச் சாய்த்தால் பத்து நிமிஷத்தில் வண்டி சரியாகிவிடும். சகாயராஜ் செட்டிங்கைக் கலைச்சுட்டாண்ணே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போதுமா? ஸ்பேனரை போல்ட்டில் மாட்டினான், திருப்பவில்லை. பத்து நிமிஷத்தில் சரியாகிற தப்பை யார் தப்பென்று நம்புவார்கள்? பூங்கொடி நம்புவாளா? அண்ணன் சின்னதா மறந்திருப்பாரு என்பாள். கண்ணால் பார்க்கிற மாதிரி வேண்டும். பம்பை இப்படி அரைகுறையாக வைத்தவன் உள்ளே டைமிங் கியரிலும் எதையாவது கோட்டை விட்டிருப்பான், திறந்து காட்டினால் பல்லோடு பல்லாகத் தெரியும். ராசப்பனுக்குப் போன் போட்டு, அண்ணே, ஒரு மணிக்கு வாங்க, உங்க கண்ணாலயே பாருங்க என்றான். பூங்கொடியிடம், சோற்றை யாரிடமும் கொடுத்துவிடாதே, நீயே எடுத்து வா என்றான். ஏன் என்று அவள் கேட்டதற்கு, வாயேன் என்று மட்டும் சொன்னான்.

ரேடியேட்டரைத் தனியாகத் தூக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குக் குடம்கூடத் தூக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், கணக்குக்கு இன்னும் மூன்று வாரம் பாக்கி. தண்ணீரை வடித்தான், ஹோஸைக் கழற்றினான், நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான். தையல் போட்ட இடத்தில் சுருக்கென்று ஒரு நூல் இழுத்தது. அப்படியே நின்றான். பிரிந்துவிட்டதா? லுங்கிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தான், ஈரம் இல்லை, வேர்வைதான். பிரிந்தால் மறுபடியும் படுக்கை, மறுபடியும் சாவி, மறுபடியும் காலை ஆறு மணிக்கு அவன் பைக் சத்தம். படுத்துக் கிடந்த நாட்களில் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மணி பார்த்தான். வீட்டுக்குப் பின்புறம்தான் பட்டறை. ஜன்னல் வழியாக ஒன்றும் தெரியாது, கேட்கும். பைக் நிற்கும், ஷட்டர் ஏறும், கொஞ்ச நேரத்தில் பூங்கொடியின் கொலுசு பின்கட்டைத் தாண்டும், டம்ளரை வைக்கிற சத்தம், அவன் ஏதோ சொல்கிற சத்தம், இவள் சிரிக்கிற சத்தம். என்ன சொன்னான்? கேட்டால், ஒண்ணுமில்லீங்க, கேரியரில் பல்லி இருந்துச்சாம் என்பாள். பல்லிக்கு அப்படிச் சிரிப்பார்களா? அவனுக்குப் போகிற டீயில் இஞ்சி இருக்கும், வாசனை இவன் கட்டில்வரை வரும். அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கிதுங்க என்பாள். இருபது வருஷத்தில் இவனுக்குத் தொண்டை கட்டியதே இல்லையா? அப்படியொன்றும் இல்லை என்று மாசிலாமணிக்குத் தெரியும். வாய் நிறைய அண்ணன் என்கிறாள், அவனும் தங்கச்சி தங்கச்சி என்று உருகுகிறான், அந்த முறையில் இவனை மாப்ள என்கிறான், வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் முதல் டப்பா கேக் இங்கேதான் வருகிறது. எல்லாம் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம், வயிறு எரிவது எரிந்துகொண்டுதான் இருந்தது. மனிதன் கெட்டவனாக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறான். ஃபேனைக் கழற்றினான், பெரிய புல்லியை இழுத்து எடுத்தான், முன்மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக விட்டான். எல்லாம் லேசாக வந்தன. நூலுக்கெல்லாம் கிரீஸ் தடவி மாட்டியிருக்கிறான், அடுத்து கழற்றுகிறவனுக்குக் கஷ்டமில்லாமல். அடுத்து கழற்றுகிறவன் நான் என்று தெரிந்தே தடவியிருப்பான். அந்த நினைப்பில் ஒரு போல்ட் கைதவறி எண்ணெய்த் தட்டில் விழுந்தது, அதற்கும் அவனையே திட்டினான்.

மூடி கையோடு வந்தது. உள்ளே எண்ணெய்ப் பளபளப்பில் நாலு கியர்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நின்றன. என்ஜினைச் சுழற்றும் கிராங்கைப் பல தடவை மெல்லச் சுற்றி, பம்பு கியரையும் நடுக்கியரையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான், துணியால் துடைத்தான். மூன்று சிவப்புப் புள்ளிகள். நடுக்கியரின் அடுத்தடுத்த இரண்டு பல்லில் ஒவ்வொன்று, அந்த இரண்டுக்கும் நடுவே வந்து உட்கார்ந்திருக்கும் பம்பு கியரின் பல்லில் ஒன்று. இம்மி பிசகாமல் உட்கார்ந்திருந்தன. மாசிலாமணிக்கு முதலில் ஏமாற்றம்தான் வந்தது. ஆக இதையும் சரியாகவே வைத்திருக்கிறான், பாவி. அப்புறம்தான் அந்தச் சிவப்பைப் பார்த்தான். பெயிண்ட் இல்லை, நகப் பாலிஷ். எண்ணெயிலும் சூட்டிலும் எட்டு வருஷம் ஊறிய பிறகும் போகாத சிவப்பு, பூங்கொடி பழனிக்குப் போனபோது வாங்கிய பாட்டில். கியரைக் கழற்றுமுன் பக்கத்துப் பக்கத்துப் பல்லில் நகப் பாலிஷ் வைத்துக்கொள்வது மெக்கானிக்குகள் எல்லோரும் செய்வதுதான். கம்பெனி குத்திய புள்ளிகளும் உண்டு, ஆனால் நடுக்கியரின் பல் எண்ணிக்கை அப்படி. ஒருதடவை விலகினால் கிராங்கை இருபது முப்பது சுற்று சுற்றினால்தான் அவை மறுபடி நேருக்கு நேர் வரும். அதற்குப் பொறுமை வேண்டும். இந்தச் சிவப்பை வைத்த அன்றைக்குப் பொறுமை இருந்ததா? அன்றைக்கு என்ன? அன்றைக்குத்தான் பழனி ரோட்டில் சகாயராஜின் புதுப் பட்டறை திறப்பு. ஃபாதர் வந்து மந்திரித்தார், வாழைமரம் கட்டியிருந்தது, இவனுக்கு முன்னால் அவன் சொந்தமாக வண்டி தூக்குகிற லிஃப்ட் போட்டுவிட்டான். அந்த விழாவுக்குப் பூங்கொடி நகத்துக்குச் சிவப்பு வைத்துக்கொண்டாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் வைக்காதவள். திண்டுக்கல் பிரியாணி என்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அவசர வேலை என்று இவன் கிளம்பி வந்துவிட்டான். வருகிற வழியில் வீட்டில் நுழைந்து, அலமாரியில் அவள் பையைத் திறந்து, அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு, ராசப்பன் வண்டி பிரித்தபடி கிடந்த பட்டறைக்கு வந்தான். அடையாளம் வைக்க ஒரு சொட்டுப் போதும். மூன்று சொட்டு வைத்துவிட்டு மிச்சத்தைக் கழிவெண்ணெய் டின்னில் கவிழ்த்தான். கிராங்கை எத்தனை சுற்று சுற்றினோம்? பத்து இருக்கும். கரி அப்பியிருந்தது, கம்பெனிப் புள்ளி மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது, இதுதான் என்று கியரை மாட்டி, அந்தத் தப்பான இடத்தில்தான் சிவப்பை வைத்திருக்கிறான். சாயங்காலம் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை. மறுபடி திறக்க மனசில்லை. பம்பைச் சாய்த்தான், இன்னும் சாய்த்தான், ஓட்டையின் கடைசிக்கு வந்ததும் புகை நின்றது. தேய்ந்த கியர், கிழட்டு வண்டி. அவ்வளவுதான் காரணம் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டதைத்தான் இன்றைக்குக் காலைவரை கைப்பழக்கம் என்று பெருமையாக வைத்துக்கொண்டிருந்தான்.

கிராங்கைச் சுற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்திரண்டாவது சுற்றில், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்த பல்லில், கம்பெனி குத்திய புள்ளிகள் ஊசிமுனை அளவுக்கு எட்டிப் பார்த்தன. ஒன்றுக்கொன்று ஒரு பல் தள்ளி நின்றன. ஒரே ஒரு பல். பம்பு கியரை வெளியே எடுத்து, ஒரு பல் திருப்பி, உள்ளே விட்டான்; கம்பெனிப் புள்ளிகள் நேருக்கு நேர் வந்தன. வேலை முடிந்தது. சரிபார்க்கக் கிராங்கை மறுபடி சுற்றி, சிவப்பு வெளிச்சத்துக்கு வந்ததும் குனிந்து பார்த்தான். இப்போது சிவப்புப் புள்ளிகள் கலைந்து நின்றன. ஒற்றைப் புள்ளி தன் இடத்தைவிட்டு ஒரு பல் வெளியே போய், இரண்டு புள்ளியும் அதைத் தேடுகிற மாதிரி நின்றன. கம்பெனிப் புள்ளி அவனைத் தவிர யார் கண்ணுக்கும் தெரியாது. சிவப்பு குருடனுக்கும் தெரியும். யார் வந்து பார்த்தாலும் அடையாளம் பிசகியிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பொய்யே சொல்ல வேண்டாம், வாயே திறக்க வேண்டாம், டார்ச்சை அடித்துவிட்டுச் சும்மா நின்றால் போதும். பூங்கொடி பார்ப்பாள். இஞ்சி டீயெல்லாம் அவள் கண்ணில் ஒருதடவை வந்து போகும். அண்ணனா இப்படி வைத்தார் என்பாள், அந்த ஒரு வார்த்தையோடு சத்தமே இல்லாம என்கிற வார்த்தை செத்துவிடும். அதற்கு எவ்வளவு நாள் காத்திருக்கிறான். சகாயராஜுக்கு என்ன நஷ்டம், அவனுக்கென்ன லிஃப்ட் இருக்கிறது, காது இருக்கிறது, ஊரெல்லாம் பேர் இருக்கிறது, ஒரு வண்டியில் ஒரு பல் போனால் குடியா முழுகிவிடும்? அதற்கு நேர்மாறாக, என் தப்பு என்று சொன்னால் எனக்கு என்ன மிஞ்சும்? எட்டு வருஷம் கோணல் வண்டியை ஓட்டவிட்டவன் என்று மண்டி முழுக்கப் பேசுவார்கள். அவளும் அங்கே நிற்பாள். துணியை எடுத்துப் புள்ளியைத் துடைத்துவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. தின்னர் பாட்டில்வரை கை போனது. அதற்குள் வெளியே ராசப்பனின் மொபெட் சத்தம் கேட்டது, பின்கட்டில் கொலுசும் கேட்டது. வரச் சொன்னது அவன்தான்.

ராசப்பன் குனிந்து பார்த்தார். பூங்கொடி சாப்பாட்டுத் தூக்கை பெஞ்சில் வைத்துவிட்டு, முந்தானையை ஒதுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். மாசிலாமணி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இந்தச் செவப்புதான் அடையாளமா?" என்றார் ராசப்பன். "ரெண்டு இங்க நிக்குது, ஒண்ணு எங்கியோ நிக்குது. சகாயராசு இப்படியா வச்சுக் குடுத்தான்?"

பூங்கொடி கியரைப் பார்த்துக்கொண்டே, "அப்படி இருக்காதுண்ணே. அண்ணன் அன்னிக்கே சொன்னாரு. உள்ள மாப்ள போட்ட புள்ளி இருந்துச்சும்மா, அதுல கண்ண மூடிக்கிட்டு வச்சிட்டேன்னு" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் இப்படித்தான் ஆகும். இந்தப் பதில் மாசிலாமணியின் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது, சொல்லச் சுலபமான, சுத்தமான பதில். அதைச் சொல்ல வாயைத் திறந்தான். கண்ண மூடிக்கிட்டு. தன் புள்ளியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டானா? அந்தக் காதுக்காரன், எதையும் இரண்டு தடவை தட்டிப் பார்க்கிறவன், இதை மட்டும் எண்ணிப் பார்க்காமல் விட்டானா? டார்ச்சைத் தாழ்த்தினான்.

"இல்லண்ணே. இது இப்ப நான் வச்சது. இதான் சரி. அவன் வச்சப்ப மூணு புள்ளியும் நேராத்தான் இருந்துச்சு."

"நேரா இருந்தா அது சரிதானடா?"

"புள்ளியே தப்புண்ணே. புள்ளி போட்டது நான்."

ராசப்பனுக்கு விளங்கவில்லை. எட்டு வருஷம் ஓடியதே என்றார். சாய்த்து வைத்து ஓட்டினேன், அவன் கம்பெனிக் கோட்டுக்கு நேராக வைத்தான், அதனால்தான் குட்டு வெளிப்பட்டது என்று மாசிலாமணி சொன்னான். வண்டி சாயங்காலம் கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. கிடைக்கும் என்றதும் மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிட்டார். பூங்கொடி போகவில்லை. குனிந்தவள் குனிந்தபடியே அந்தச் சிவப்பைப் பார்த்தாள், அப்புறம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். மஞ்சள் கறை படிந்த வெறும் நகங்கள்.

"இந்தப் பாட்டிலத்தான் ரெண்டு நாளு தேடுனேன்" என்றாள். "உங்களக்கூடக் கேட்டேன்."

கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்று அவன் எரிந்து விழுந்ததும் அவனுக்கு நினைவிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். அவள் தூக்கைத் திறந்து சோற்றைப் போட்டாள், முருங்கைக்காய்ச் சாம்பாரை ஊற்றினாள். அவள் கோபித்துக்கொண்டு போயிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டான். காலித் தூக்கோடு பின்கட்டைத் தாண்டும்போது அவள் ஒருதடவை நின்று திரும்பினாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று பார்த்தான். மோர் வேணுமா என்றாள்.

நாலரை மணிக்கு எல்லாவற்றையும் மாட்டி முடித்தான். ரேடியேட்டரைத் தூக்க பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டான். பம்பை நேராக, கோட்டுக்குக் கோடு வைத்தான். சாவியைத் திருப்பியதும் ஒரே தட்டில் பிடித்தது. பின்னால் புகையில்லை, எட்டு வருஷத்தில் இந்த என்ஜின் இவ்வளவு அமரிக்கையாக ஓடி அவன் கேட்டதில்லை. சத்தமே இல்லாமல் என்றுகூடச் சொல்லலாம். எண்ணெய்க் கையோடு போனை எடுத்து சகாயராஜ் நம்பரை அழுத்தினான். மாப்ள என்ற குரல் வந்ததும், கேளு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என்ஜின் பக்கம் நீட்டினான். எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டிருந்தான் என்று தெரியாது. பிறகு காதில் வைத்தான்.

"ஒரு பல்லா?" என்றான் சகாயராஜ்.

"ஆமா. புள்ளி தப்பு. என்னோடது."

"எனக்கும் அன்னிக்கு சத்தத்துல ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு மாப்ள. நீ போட்ட புள்ளியாச்சேன்னு என் காத நம்பாம விட்டுட்டேன்." அதே மூச்சில், "ஆமா, ரேடியேட்டரத் தனியாவா எறக்குன? கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்ல" என்றான்.

மாசிலாமணி, இல்லை, ஆள் இருந்தது என்று பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்தான். அடிவயிற்றுத் தையலை நினைத்து இன்றைக்கு முதலில் கேட்டவன் அவன்தான். அதற்கும் பொறாமையாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் காலையிலிருந்து எரிந்தது வேறு, இது வேறு. பலகையில் பதின்மூன்றாம் நம்பரின் வெள்ளை உருவம் காலியாக இருந்தது; ஸ்பேனரைத் துடைத்து அதன்மேல் மாட்டினான். சகாயராஜ் படுத்துக் கிடந்து, சகாயராஜின் பட்டறையில் தான் போய் நின்று, கியருக்கு நடுவில் சகாயராஜ் வைத்த புள்ளியைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தான். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நம்பாமல் ஒவ்வொரு பல்லாக எண்ணியிருப்பான்.